இன்று மூன்றாம் முறை வாசிக்கப்பட்டது

இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் பழைய குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தொடக்கம் ஒரே மாதிரிதான். மேலே லத்தீனில் கிழமையும் தேதியும். அடுத்து அன்று வந்திருந்தோர் பட்டியல்: பேராயர்கள், பிஷப்புகள், பிறகு டியூக்கில் தொடங்கி பாரன் வரை பிரபுக்கள், அவரவர் படிநிலைப்படி. பிறகு ‘பிரார்த்தனை’ என்று ஒற்றைச் சொல். அதன் பின் வேலை தொடங்கிவிடும். ‘ஹோடியே ப்ரீமா வீசே லெக்தா எஸ்த் பில்லா’ என்றால் இன்று மசோதா முதல் முறை வாசிக்கப்பட்டது என்று பொருள். இரண்டு வரி தள்ளி வேறொரு மசோதா மூன்றாம் முறை வாசிக்கப்பட்டிருக்கும். நிறைவேற்றலாமா என்று கேட்கப்பட்டது. ஆம் என்று முடிவாயிற்று. கடைசியில் சான்சலர் அவையை நாளைக் காலை இத்தனை மணிக்கு ஒத்திவைத்தார் என்று மறுபடியும் லத்தீன். யார் எழுந்தார், என்ன பேசினார், யாருக்கு முகம் சிவந்தது என்று ஒரு வரி கிடையாது.

1510 முதல் இந்தக் குறிப்பேடு கிடைக்கிறது. ஆனாலும் பிரபுக்கள் சபையைப் பற்றி எழுதியவர்கள் பலர் அதை ஓரமாக வைத்துவிட்டு, புகழ்பெற்ற உரைகளின் பின்னாலேயே போனார்கள். அந்த உரைகளின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் விவாதங்களை அச்சிடுவது சபையின் உரிமையை மீறும் குற்றம். அதனால் லண்டனில் வந்த ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’, லிலிபுட் என்ற கற்பனை நாட்டின் செனட்டில் நடந்த விவாதம் என்று வேஷம் போட்டு அவற்றை வெளியிட்டது. 1741 முதல் 1744 வரை அவற்றை எழுதியவர் சாமுவேல் ஜான்சன். கையில் கிடைத்த துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதினார். பிறகு செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் தொகுப்பு நூலில் அவர் பேசியதாக இடம்பெற்ற உரைகளில் இரண்டு, உண்மையில் ஜான்சன் எழுதியவை. பேச்சை வைத்து அந்தச் சபையை எடைபோடுவதில் உள்ள சிக்கல் இது. பேசாத குறிப்பேட்டை நம்புவதே மேல் என்பது என் கட்சி. மன்னராட்சி மீண்ட 1660இலிருந்து 1800 வரையிலான காலத்தில் அது காட்டும் சபை, சரித்திரப் பாடத்தில் நாம் பார்த்த சபையைப் போல இல்லை. பத்திரப்பதிவு அலுவலகமும் குடும்பக் கோர்ட்டும் சேர்ந்த ஓர் இடம் போல இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். வெஸ்ட்மின்ஸ்டர் பழைய அரண்மனையில் ஒரு நடுத்தரமான கூடம். சுவர்களில் ஸ்பானியக் கடற்படையை இங்கிலாந்து முறியடித்த கதையைச் சொல்லும் திரைச்சீலைகள். ஒரு முனையில் அரியணை, மறுமுனையில் குறுக்கே ஒரு தடுப்பு. கீழவையான காமன்ஸ் சபையிலிருந்து வருபவர்கள், வழக்கறிஞர்கள், சாட்சிகள் எல்லோரும் அந்தத் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அரியணைக்கு முன்னால் கம்பளி அடைத்த சிவப்பு மூட்டை. அதில் லார்டு சான்சலர். தலைமை வகித்தாரே தவிர, ‘அமைதி, உட்காருங்கள்’ என்று ஒருவரையும் அதட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. பேசுகிறவரும் அவரை விளிப்பதில்லை. ‘பிரபுக்களே’ என்று சபையைப் பார்த்தே தொடங்குவார். நீதிபதிகளுக்கும் அதே போல மூட்டை இருக்கைகள் உண்டு. சட்டச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லலாம்; வாக்குக் கிடையாது.

பிஷப்புகள் 26 பேர். பரம்பரைப் பிரபுக்களோடு, 1707 இணைப்புக்குப் பின் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தனுப்பிய 16 பேர். இத்தனை பேர் இருந்தும் அவை நடக்க மூன்று பேர் வந்தால் போதும். ஊரில் இல்லாதவர் இன்னொரு பிரபுவிடம் தன் வாக்கை ஒப்படைத்துவிட்டு வேட்டைக்குப் போகலாம். பக்கிங்ஹாம் டியூக் ஒருவரே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட இத்தகைய பதிலாள் வாக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று 1626இல் விதி செய்தார்கள். பிஷப்பின் வாக்கை பிஷப்பிடம்தான் கொடுக்கலாம், பிரபுவின் வாக்கைப் பிரபுவிடம்தான். குழுவில் அது செல்லாது.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரலிலேயே முடிந்துவிடும்: ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’. சந்தேகம் வந்தால் ஒரு தரப்பு தடுப்புக்கு அப்பால் போய் நிற்க, மறுதரப்பு உள்ளேயே இருக்க, தரப்புக்கு ஒருவராக எண்ணுவார்கள். எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நாள் சாட்சி சொல்கிறது. 1679 மே 27. ஆட்கொணர்வு மனுச் சட்டம், நாமும் இன்றுவரை ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்று நீதிமன்றப் படியேறும் அதே மனுவைப் பற்றியது, அன்று மாலைக்குள் தேறியாக வேண்டும். கூட்டத்தொடர் அன்றோடு முடிகிறது. எண்ணுவதற்கு ஒரு தரப்பில் கிரே பிரபு, மறுதரப்பில் நாரிஸ் பிரபு. நாரிஸுக்கு அவ்வப்போது கவனம் சிதறும். மிகப் பருத்த ஒரு பிரபு நடந்து வந்தபோது கிரே வேடிக்கையாக அவரைப் பத்து என்று எண்ணினாராம். நாரிஸ் கவனிக்கவில்லை என்று கண்டதும் அதையே கணக்கில் வைத்துக்கொண்டாராம். இதை எழுதியவர் பிஷப் பர்னெட். கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அன்றைய கணக்கு 57க்கு 55, கூட்டினால் 112. அன்றைய வருகைப் பட்டியலில் இருப்பவர்கள் 107 பேர். பிந்தி வந்தவர்களை எழுத்தர் விட்டிருக்கலாம், ஆகவே இதை வைத்துப் பருத்த பிரபுவின் கதையை நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் தனிமனித சுதந்திரத்துக்கு அரண் என்று உலகம் கொண்டாடும் சட்டத்தின் வாக்குக் கணக்கு இடிக்கிறது என்பது குறிப்பேடு தரும் செய்தி.

மசோதாவின் பயணத்துக்கு வருவோம். முதலில் அது காகிதத்தில் இருக்கும். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, பிறகு குழு. குழுவில் திருத்தி முடித்ததும் எழுத்தர்கள் அதைத் தோல் சுருளில் செப்பமாக எழுதுவார்கள். மூன்றாம் வாசிப்பு அந்தத் தோலிலிருந்துதான். அதற்குப் பிறகும் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் தனித் தோலில் எழுதி ஓரத்தில் தைத்துவிடுவார்கள். காமன்ஸ் சபைக்கு மசோதாவைக் கொண்டுபோவது சான்சரி நீதிமன்றத்தின் அதிகாரிகள் இருவர். முக்கியமான மசோதா என்றால் நீதிபதிகளே சுமந்து போக வேண்டும். அங்கிருந்து இங்கே வருவதானால் காமன்ஸ் உறுப்பினர்கள் கூட்டமாக எடுத்து வருவார்கள். சான்சலர் மூட்டையிலிருந்து எழுந்து தடுப்புவரை நடந்துவந்து வாங்கிக்கொள்வார். இரு சபைக்கும் பிணக்கு என்றால் நடுவில் ஓர் அறையில் சந்திப்பு. பிரபுக்கள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். காமன்ஸ் பிரதிநிதிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பேச வேண்டும். ஆனால் பணம் என்று வந்தால் தொப்பி போட்டவர்கள் வாய் திறக்க முடியாது. வரி மசோதாவில் பிரபுக்கள் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்று காமன்ஸ் 1678இல் தீர்மானமாகவே எழுதிவைத்தது.

இந்த இயந்திரத்துக்குள் நாள்தோறும் என்ன போய் வந்தது என்பதே இங்கு முக்கியம். போர், சமாதானம், வாரிசுரிமை எல்லாம் எப்போதாவதுதான். குறிப்பேட்டை நிறைப்பவை தனியார் மசோதாக்கள்: இன்னாரின் நிலத்தை விற்று இன்னாரின் கடனை அடைக்க, இன்னாரின் பெயரை மாற்ற, இன்ன கிராமத்தின் பொது நிலத்தை வேலியடைக்க.

நில மசோதா ஏன் அவ்வளவு வந்தது? நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் ‘செட்டில்மென்ட்’ என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் அதன் பின்னாலுள்ள சங்கடமும் அங்கிருந்து வந்தவைதான். ஆங்கிலேயப் பெருங்குடும்பங்கள் கல்யாணத்தின்போதே நிலத்தைக் கட்டிப்போட்டுவிடும். அப்பாவுக்கு ஆயுள் பரியந்தம் அனுபவிக்கும் பாத்தியதை மட்டும். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரமில்லை. அவருக்குப் பின் மூத்த மகன், அவனுக்குப் பின் இன்னும் பிறக்காத பேரன். இந்தக் கட்டை அவிழ்க்க வழக்கமான கோர்ட்டு உதவாத இடத்தில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றுதான் வழி. பத்தாயிரம் ஏக்கர் இருந்தும் மகளுக்குச் சீர் கொடுக்கக் கையில் காசில்லாத ஒருவர், பிரபுக்கள் சபையின் கதவைத் தட்டி மனுப் போடுவார்.

மனு வந்ததும் சபை காட்டிய கவனம் அசாதாரணமானது. 1706இல் வந்த நிலையாணைப்படி, சொத்து மனு ஒவ்வொன்றும் முதலில் இரண்டு நீதிபதிகளிடம் போகும். அவர்கள் தரப்பினரை அழைத்து விசாரித்து, சொல்லியிருப்பது மெய்தானா என்று கையெழுத்திட்டு அறிக்கை தர வேண்டும். பிறகு குழு. சொத்தில் பாத்தியமுள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். விற்ற பணத்துக்குப் பொறுப்பேற்கும் தர்மகர்த்தாக்கள் தாங்கள் சம்மதிப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறக்காத வாரிசின் பங்குக்கு ஈடாக வேறு நிலம் வாங்கச் சட்டத்திலேயே வகைசெய்ய வேண்டும். வில்லங்கம் பார்ப்பதில் இவ்வளவு கறாரான வேறொரு அலுவலகம் அன்றைய ஐரோப்பாவில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. எழுத்தர் முதல் வாயில்காப்போன் வரை மசோதாவுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. ஆகையால் வேலை குறைய வேண்டுமென்று அங்கே யாரும் ஏங்கவில்லை.

இந்தக் கறார் எல்லோருக்குமாக இருந்ததா என்றால் இல்லை. வேலியடைப்பு மசோதாக்களைப் பாருங்கள். 1604இலிருந்து 1914 வரை 5200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதை ஒட்டியும். அங்கேயும் குழு சம்மதம் கேட்டது. ஆனால் தலையை எண்ணவில்லை, நிலத்தின் மதிப்பை எண்ணியது. முக்கால் பங்கு அல்லது ஐந்தில் நான்கு பங்கு மதிப்புள்ள நிலத்தின் சொந்தக்காரர்கள் சம்மதித்தால் மசோதா தேறும். பொது மேய்ச்சலில் ஒரு பசுவை ஓட்டிவிட்டுப் பிழைத்தவனிடம் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவனின் எதிர்ப்பு கணக்கிலும் இல்லை. பிறக்காத பேரனின் உரிமைக்கு இரண்டு நீதிபதிகளை உட்காரவைத்த அதே சபைதான் இது.

இன்னொரு வகை மசோதா வெளிநாட்டாரைக் குடிமக்களாக்குவது. அதற்கு மனுதாரர் சர்ச்சில் நற்கருணை வாங்கியதற்குச் சான்று காட்ட வேண்டும், சபையிலேயே வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். 1727 பிப்ரவரியில் லூயி செஷே என்பவரின் மசோதா நடந்துகொண்டிருந்தபோது, தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளும்படி ஒருவர் மனுப் போட்டார்: சாக்சனியில் ஹாலே ஊரில் பிறந்தவர், புராட்டஸ்டன்ட், பெயர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஹேண்டல். ஐரோப்பாவின் பெரிய இசைமேதைகளில் ஒருவர் வந்து நின்று பிரமாணம் எடுத்தது குறிப்பேட்டில் மற்ற மனுதாரர்களைப் போலவே இரண்டு வரி. பிப்ரவரி 20 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. சட்டத்தின் தலைப்பில்கூட ஹேண்டல் இரண்டாவதுதான், முதலில் செஷே. ஒப்புதல் தந்த முதலாம் ஜார்ஜ் மன்னரும் ஜெர்மனியில் பிறந்தவர். அவருக்கு மனு தேவைப்படவில்லை.

கல்யாணத்தை முறிக்கும் மசோதாக்களை இந்தச் சபை கையாண்ட விதம்தான் அன்று ஊர் வாயில் அதிகம் விழுந்தது. தேவாலய நீதிமன்றம் தம்பதியைப் பிரித்துவைக்கும். மறுமணம் செய்ய விடாது. 1670இல் ரூஸ் பிரபு என்ற ஜான் மேனர்ஸ், மனைவி வழிதவறினாள் என்று சொல்லி, மறுமணத்துக்கு அனுமதி கேட்டு மசோதா கொண்டுவந்தார். சபை இரண்டுபட்டது. மார்ச் 21 அன்று இரண்டாம் சார்லஸ் மன்னரே முன்னறிவிப்பில்லாமல் வந்து, முன்னோர் வழக்கத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அரியணையில் அமர்ந்துவிட்டார். பிறகு பல நாட்கள் வந்தார். நெருப்பருகே நின்றுகொண்டு கேட்டார். நாடகம் பார்ப்பதைவிட இது சுவையாக இருக்கிறது என்று அவர் சொன்னதாக அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ராணிக்குக் குழந்தை இல்லை. மன்னர் தனக்கும் ஒரு முன்னுதாரணம் தேடுகிறார் என்று ஊரே பேசியது. மசோதா தேறியது. மன்னர் கடைசிவரை ராணியை விடவில்லை.

அன்றிலிருந்து 1857 வரை ஏறத்தாழ 325 மணமுறிவுச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வீட்டு வேலைக்காரிகளும் வண்டிக்காரர்களும் தடுப்பருகே வந்து நின்று, படுக்கை எப்படிக் கலைந்திருந்தது என்று பிஷப்புகள் முன்னிலையில் சாட்சி சொன்னார்கள். இந்தியாவில் நடந்த விவகாரமென்றால் சாட்சிகளைக் கப்பலேற்ற முடியாதே என்று, இங்குள்ள நீதிமன்றங்களிலேயே அவர்களை விசாரித்து எழுதியனுப்ப 1820இல் தனிச் சட்டம் போட்டார்கள். 325இல் பெண்கள் பெற்றவை நான்கே நான்கு. முதலாவது 1801இல் ஜேன் அடிசனுக்குக் கிடைத்தது. அவர் கணவர் ஜேனின் சொந்தச் சகோதரியோடு தொடர்பு வைத்திருந்தார் என்பதால்தான் அதுவும். வெறும் துரோகம் என்றால் ஆணுக்குப் போதும், பெண்ணுக்குப் போதாது.

பொதுச் சட்டங்கள் இவ்வளவு நுணுக்கிப் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1751இல் நாட்காட்டியையே மாற்றும் மசோதாவை செஸ்டர்ஃபீல்டு இந்தச் சபையில்தான் கொண்டுவந்தார். அதன் விளைவாக 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 ஆயிற்று. கணக்கெல்லாம் போட்டவர் வானியல் வல்லவரான மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபு. அவர் தெளிவாகப் பேசியும் சபை அவரை ரசிக்கவில்லை. வானியலில் ஒன்றும் தெரியாத தான் சொற்களையும் வாக்கிய ஓட்டத்தையும் அழகுபடுத்திப் பேசியதாகவும், அதனாலேயே எல்லாம் விளங்கிவிட்டது என்று சபை நினைத்துக்கொண்டதாகவும் செஸ்டர்ஃபீல்டு தன் மகனுக்கு வெட்கமில்லாமல் எழுதினார்.

பெரிய நாட்களும் வராமல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியை அடக்க அமைச்சர் ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதாவை 1783 டிசம்பர் 17 அன்று 95க்கு 76 என்று பிரபுக்கள் கவிழ்த்தார்கள். ஆதரித்தவர் என் பகைவர் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சொல்லியனுப்பியதால் வந்த முடிவு அது. வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை 1788 பிப்ரவரியில் திருவிழாபோலத் தொடங்கியது. 1795 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன பிரபுக்கள் 29 பேர். நடுவில் ஏழு வருடம் போனதில் பலர் இறந்திருந்தார்கள், மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. அந்த ஏழு வருடமும் சொத்து மசோதாக்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

மசோதா சட்டமாவது பிரெஞ்சில். அதுவும் நார்மன் காலத்துப் பிரெஞ்சு. பொது மசோதாவுக்கு ‘ல ருவா ல வெல்’, மன்னர் விரும்புகிறார். தனியார் மசோதாவுக்கு, விரும்பியபடியே ஆகட்டும். வரி தந்தால் முதலில் நன்றி, பிறகு ஒப்புதல். மறுப்பதற்கும் ஒரு பணிவான வாசகம் இருந்தது: மன்னர் யோசிப்பார். அதைக் கடைசியாகக் கேட்டது 1708இல், ஆன் ராணியார் ஸ்காட்லாந்துப் படை மசோதாவைத் தள்ளியபோது. இதில் ஒரு விசித்திரம்: 1793 வரை, வேறு தேதி குறிக்காத ஒரு சட்டம் எந்த நாளில் ஒப்புதல் பெற்றாலும், கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே அமலில் இருந்ததாகக் கருதப்பட்டது. மே மாதம் குற்றமாக்கப்பட்ட செயலை நீங்கள் ஜனவரியில் செய்திருந்தாலும் குற்றவாளிதான். ஒப்புதல் தேதியைச் சட்டத்தின் மேலேயே எழுத்தர் எழுத வேண்டும், அன்று முதலே அது செல்லும் என்று 1793இல்தான் விதித்தார்கள். இவ்வளவு எளிய காரியத்துக்கு இத்தனை நூற்றாண்டு.

குறிப்பேட்டை அப்படியே நம்பச் சொன்னேன். ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அதை ஒரு சிறு குழு அவ்வப்போது படித்துப் பார்த்து, இதுவரை எங்களால் சரிபார்க்கப்பட்டது என்று கையொப்பமிட்டது. தோற்றவர் தன் மறுப்பைக் காரணத்தோடு அதில் எழுதவும் உரிமை உண்டு. குறிப்பேட்டில் பிரபுக்களின் வாதம் அவர்கள் வார்த்தையிலேயே நமக்குக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஆனால் அழிப்பும் நடந்திருக்கிறது. தாமஸ் ஸ்கின்னர் என்ற வணிகர், கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பலையும் சரக்கையும் பறித்ததாக நேரே பிரபுக்களிடம் முறையிட்டார். 1668இல் அவருக்கு 5000 பவுண்டு தரச் சொன்னார்கள். கீழ்நீதிமன்றம் போகாமல் நீங்கள் எப்படி விசாரிக்கலாம் என்று காமன்ஸ் ஸ்கின்னரைப் பிடித்து அடைத்தது. பிரபுக்கள் கம்பெனியின் துணைத் தலைவரை அடைத்தார்கள். 1670இல் சார்லஸ் இரு சபைகளையும் கூப்பிட்டு, பதிவுகளையே அழித்துவிடுங்கள் என்றார். அழித்தார்கள். பணம் ஸ்கின்னருக்குக் கிடைக்கவில்லை.

1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் கூடத்துக்குக் கீழே இருந்த உலையில் பழைய கணக்குக் குச்சிகளை எரித்தபோது அரண்மனையே பற்றிக்கொண்டது. ஸ்பானியக் கடற்படைத் திரைச்சீலைகள் போயின. காமன்ஸ் சபையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பிரபுக்கள் சபையின் தோல் சுருள்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஜுவல் டவரில் இருந்ததால் தப்பின. அவற்றில் ஒன்று 1821இல் நில வரி ஆணையர்களின் பெயர்களை அடுக்கும் சட்டம்; விரித்தால் கால் மைலுக்குச் சற்றுக் குறைவான நீளம்.

தப்பியது ஆவணம்தான், வேலை அதிக நாள் நீடிக்கவில்லை. 1844இல் குடியுரிமை வழங்குவது உள்துறை அமைச்சருக்குப் போயிற்று. 1845இல் வேலியடைப்பு ஆணையர்களுக்கு. 1856இல் கட்டுண்ட சொத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் அனுமதிப்பது சான்சரி நீதிமன்றத்துக்கு. 1857இல் மணமுறிவு அதற்கென்று அமைத்த கோர்ட்டுக்கு. பதின்மூன்று வருடத்தில் அந்தச் சபையின் அன்றாடம் பெரும்பாலும் வெளியேறிவிட்டது.

அச்சான குறிப்பேட்டுத் தொகுதிகள் பல இப்போது இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஆர்வமுள்ளவர்கள் புகழ்பெற்ற தேதி எதையும் தேடாமல், ஏதாவது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைத் திறந்து, அன்று யாருடைய நிலம் வாசிக்கப்பட்டது என்று பாருங்கள்.